நாலாம் நம்பர்

ஐயாக்கண்ணு குப்பனூரிலிருந்து மலையேறி வந்தது எழுபத்தொன்பதில். அப்போது வயது இருபத்தைந்து. ஏற்காட்டில் ஒரு டிரஸ்ட் நடத்திய இருபது படுக்கை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சர் தள்ளும் வேலை கிடைத்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவர், கையெழுத்தும் அச்சுப் போலிருந்தது என்பதால் இரண்டே வருடத்தில் சீட்டு எழுதும் ஜன்னலுக்கு மாற்றிவிட்டார்கள். பிறகு அந்த ஜன்னலைவிட்டு அவர் நகரவில்லை. பேர், வயசு, ஊர், என்ன தொந்தரவு. மலைக்காரர்கள் வயசு தெரியாமல் விழித்தால், மூத்த பிள்ளைக்கு என்ன வயசு என்று கேட்டு, ஒரு மாதிரி குத்துமதிப்பாக எழுதிக்கொள்வார். யாரிடமும் சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனுஷன்.

தொண்ணூற்றேழு கடைசியில் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. மொத்தம் ஆறு. சேலத்திலிருந்து ராஜேந்திரன் என்கிற இன்ஜினியர் வந்து இறக்கி வைத்தார். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலிருந்தும் ஒரு நீல வயர் கிளம்பி, ஸ்டோர் ரூம் சுவரில் மாட்டிய டிபன் டப்பா அளவுப் பெட்டி ஒன்றில் போய்ச் சேர்ந்தது. அதை ஹப் என்றார்கள். ஜன்னலில் பதிந்த பேர் ரெக்கார்டு ரூம் கம்ப்யூட்டரில் சேர்ந்து, உடனே டாக்டரம்மாவின் மேஜையில் தெரியும். லேபில் பார்த்த ரத்த ரிசல்ட் ஆள் நடக்காமலேயே அவரிடம் போய்விடும். வயர் இழுத்தது ஜேசுதாஸ். ஆஸ்பத்திரியின் எலக்ட்ரீஷியன், தினக்கூலி. ஓட்டுக்கும் பலகைக்கும் நடுவே மூன்று நாள் வயிற்றால் ஊர்ந்து, பல்லி எச்சமும் ஒட்டடையுமாக இறங்கி வந்தார்.

ஆறு பேரும் ஒரு மாதத்தில் பழகிக்கொள்ள வேண்டும் என்று நிர்வாக அதிகாரி கோவிந்தராஜ் சொல்லிவிட்டார். ரெக்கார்டு ரூமில் இருந்த பெருமாளுக்கு அது வரவேயில்லை. மவுஸைப் பிடித்தால் திரையில் அம்பு எங்கோ ஓடியது. மாதக் கடைசியில் அவரைக் கேட்டுக்கு அனுப்பினார்கள். ஐம்பது வயதில் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, கார் வந்தால் கதவு திறந்து சலாம் வைக்கும் வேலை. ஐயாக்கண்ணு தினமும் காலையில் அந்தக் கேட்டைத் தாண்டித்தான் உள்ளே வருவார். ஆனால் பெருமாளின் முகத்தைப் பார்க்க மாட்டார்.

தொண்ணூற்றெட்டு ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை. இரண்டு நாளாக விடாத தூறல். எட்டு மணிக்கு ஐயாக்கண்ணு கம்ப்யூட்டரைப் போட்டார். பேர் பதியும் பக்கம் திறக்கவில்லை. அணைத்துப் போட்டார், திறக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே முப்பது பேர் கம்பளியும் சாக்குமாகப் போர்த்திக்கொண்டு நின்றார்கள். கோவிந்தராஜ் எட்டரைக்கு வருவார். வந்ததும் முதலில் பார்ப்பது இந்த ஜன்னலைத்தான்.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ராஜேந்திரன் கம்ப்யூட்டர் மாட்டும்போது திரையில் ஏதோ ஒரு பெட்டியைத் திறந்து நம்பர் போட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தார். லேப் சாவி, மற்ற அறைச் சாவியெல்லாம் ஜன்னல் அறையில்தான் தொங்கும். லேபைத் திறந்து, அங்கிருந்த கம்ப்யூட்டரைப் போட்டு, அதே பெட்டியைத் தேடிப் பிடித்து, உள்ளே இருந்ததை ஓ.பி. சீட்டின் பின்புறம் ஒரு புள்ளி விடாமல் எழுதினார். அதை அணைத்துவிட்டு வந்து, தன் கம்ப்யூட்டரில் இருந்ததை அழித்து, எழுதி வந்ததை அப்படியே அடித்தார். அணைத்துப் போட்டார். பக்கம் பளிச்சென்று திறந்தது.

உண்மையில் நடந்தது வேறு. ஸ்டோர் ரூமில் ஆயா ஒருத்தி ஹப்பின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரில் வெந்நீர் வைத்திருந்தாள். அவர் நம்பர் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில் வெந்நீர் காய்ந்து, பிளக்கைத் திரும்ப மாட்டிவிட்டாள். இது ஐயாக்கண்ணுவுக்குத் தெரிய வழியில்லை. தன் கையால் சரிசெய்துவிட்டதாகவே நம்பினார். அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் பாப்பாத்தியிடம், "இன்னைக்கு மெஷின் படுத்துக்குச்சு, நானே எழுப்பி உட்டுட்டேன்" என்றார். கல்யாணமாகி இருபது வருடத்தில் அவர் தன்னைப்பற்றி அப்படிச் சொல்லிக்கொண்டதை அவள் கேட்டதில்லை.

அன்றிலிருந்து லேப் கம்ப்யூட்டர் ஊமையாகிவிட்டது.

லேபில் இருந்தது ஜெயகுமாரி. ஒன்பது மணிக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், முதலில் இங்கிலீஷில் நாலு வரி எழுதி ஒரு சின்னப் பெட்டி வரும். கீழே ஓ.கே. என்றிருக்கும். அமுக்குவாள், பெட்டி போய்விடும். அதற்குமேல் ஒன்றும் அசையாது. அதே ஒன்பது மணிக்கு ஐயாக்கண்ணுவின் திரையிலும் அதே மாதிரிப் பெட்டி வந்தது. அவருக்கு எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். ஆனால் வரிசையில் ஆள் நிற்கும்போது நாலு வரி இங்கிலீஷ் யார் படிப்பது. அவரும் ஓ.கே. அமுக்கினார். அவருடைய கம்ப்யூட்டர் பாட்டுக்கு ஓடியது.

ஜேசுதாஸைக் கூப்பிட்டு வயரைப் பார்க்கச் சொன்னார்கள். அவர் மறுபடி மேலே ஏறி அடி அடியாகத் தடவிப் பார்த்தார். எலி கடித்த தடமில்லை. இரண்டு முனையையும் வெட்டிப் புதுக் கிளிப் மாட்டினார். அடுத்த நாளும் லேப் அப்படியே கிடந்தது. வயர் முழுதையும் மாற்றினார். ஐயாக்கண்ணுவுக்கு வார விடுமுறையான, ஜன்னல் திறக்காத ஞாயிற்றுக்கிழமை எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. திங்கட்கிழமை மறுபடி போய்விட்டது. ஈரத்தில் வயர் ஊறுகிறது என்று ஒருவர் சொன்னார், ஆளுக்கொன்று சொன்னார்கள்.

ராஜேந்திரன் சேலத்திலிருந்து வந்தார். எல்லாரையும் ஜன்னல் முன்னால் நிறுத்தி, "செட்டிங்கை யாராச்சும் தொட்டீங்களா?" என்று கேட்டார். எல்லாரும் இல்லை என்றார்கள். ஐயாக்கண்ணுவும் இல்லை என்றார். பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவில்லை. தான் கெடுத்தது எதுவுமில்லையே, சரிசெய்ததுதானே, அதை எதற்குச் சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தார். பக்கத்தில் கோவிந்தராஜ் வேறு நின்றார். காலையில் வந்து மறையும் பெட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ராஜேந்திரனும் கேட்கவில்லை.

ராஜேந்திரன் ஹப்பிலிருந்து எல்லா வயரையும் பிடுங்கிவிட்டு, லேபையும் ரெக்கார்டு ரூமையும் மட்டும் மாட்டிப் பார்த்தார். இரண்டும் பேசிக்கொண்டன. அப்படியானால் வயர் முனை ஏதோ லூசாக இருந்திருக்கிறது என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். மறுநாள் காலை லேப் மறுபடி ஊமை. போனில் கேட்டதற்கு, வயர் இழுத்த ஆள் சரியில்லை என்று சொன்னாராம்.

ஆகவே லேப் ரிசல்ட் பழையபடி துண்டுச் சீட்டில் போனது. ஆனால் சீட்டு கொண்டுபோகும் ஆளைக் கம்ப்யூட்டர் வந்தபோதே வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். ஜெயகுமாரிக்குக் கை ஒழிந்தபோதோ, யாராவது அந்தப் பக்கம் போனபோதோ போகும்.

ஜூலை முதல் வாரத்தில் வாழவந்தியிலிருந்து காளியாயி என்கிற பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். தலைசுற்றல், காலில் கல் குத்திய புண் ஆறவில்லை. ஐயாக்கண்ணுதான் பதிந்தார். டாக்டரம்மா சர்க்கரை பார்க்க எழுதினார். ரத்தம் கொடுத்துவிட்டுக் காளியாயி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஒரு மணிக்கு டாக்டரம்மா மாறி வேறொரு டாக்டர் வந்தார். ரிசல்ட் எழுதிய சீட்டு, நர்ஸ் மேஜையில் வேறு யாருடைய எக்ஸ்ரே உறைக்கு அடியிலோ போய்ச் சேர்ந்திருந்தது. புது டாக்டர் திரையைப் பார்த்தார், ஒன்றுமில்லை. புண்ணைக் கழுவிக் கட்டி, மாத்திரை எழுதினார். வாழவந்தி பஸ்ஸை விட்டால் நடந்துதான் போக வேண்டும் என்று அவளும் அவசரப்பட்டாள். போய்விட்டாள்.

அடுத்த நாள் மத்தியானம் அவள் புருஷன் அங்கப்பன் ஜீப் பிடித்து அவளைக் கொண்டுவந்தான். நினைவில்லை. அப்போதுதான் அந்தச் சீட்டைத் தேடினார்கள். சர்க்கரை நானூற்று எழுபது என்று எழுதியிருந்தது. அதே ஜீப்பில் சேலத்துக்கு அனுப்பினார்கள். ஐயாக்கண்ணு ஜன்னலில் எழுந்து நின்று, கம்பளிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கட்டுப்போட்ட காலைப் பார்த்தார். பாவமாக இருந்தது. அவ்வளவுதான். தனக்கும் அந்தக் காலுக்கும் சம்பந்தம் உண்டென்று அன்றைக்கு அவருக்குத் தெரியாது.

டிரஸ்ட்டிலிருந்து கேள்வி வந்தது. லேப் வயர் ஏன் மூன்று வாரமாகச் சரியாகவில்லை என்று கேட்டார்கள். யாராவது ஒருவரைக் காட்ட வேண்டியிருந்தது. கோவிந்தராஜ் ஜேசுதாஸை நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். ஜேசுதாஸ் சண்டை போடவில்லை. கருவிப் பையை எடுத்துக்கொண்டு, ஸ்டோர் சாவியை ஜன்னலில் ஐயாக்கண்ணுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். "என்ன குத்தம்னே தெரியாம போறேனுங்க" என்று மட்டும் சொன்னார்.

விளங்காததால்தான் ஆட்களுக்கு மெஷினைக் கண்டு பயமாக இருக்கிறது என்று கோவிந்தராஜ் நினைத்தாரோ என்னவோ, அந்தச் சனிக்கிழமை மத்தியானம் எல்லாருக்கும் ஒரு வகுப்பு எடுக்கச் சொல்லி ராஜேந்திரனை வரவழைத்தார். ஓ.பி. மூடியபின் ஹாலில் கரும்பலகை வைத்து நடந்தது. ஜெயகுமாரி மட்டும் லேபை விட்டு வர முடியவில்லை. ராஜேந்திரன் நன்றாகவே சொன்னார். ஆறு சதுரம் போட்டு, நடுவில் ஹப் போட்டு, கோடு இழுத்தார். ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவது ஹப்புக்கு வந்து, அங்கிருந்து எல்லா வயரிலும் போகும். யாருக்கு என்று அதன் தலையில் ஒரு நம்பர் இருக்கும். அந்த நம்பர் உள்ளவன் மட்டும் எடுத்துக்கொள்வான், மற்றவன் விட்டுவிடுவான். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனி நம்பர் கொடுத்திருக்கிறேன், ஒன்றிலிருந்து ஆறு வரை, முன்னால் இருக்கிற நீள நம்பர் எல்லாருக்கும் ஒன்றுதான், கடைசி மட்டும் மாறும் என்றார்.

மருந்துக் கவுண்டர் செல்வி எழுந்து, ஒரே நம்பர் ரெண்டு பேருக்கு வந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டாள்.

"அப்படி வராதுங்க, நான்தான போட்டேன்" என்றார் ராஜேந்திரன். "வந்துதுன்னு வைங்க, முதல்ல எழுந்தவன் பேசுவான். ரெண்டாவது எழுந்தவன் இந்த நம்பர்ல ஏற்கனவே ஆளு இருக்குதுன்னு பாத்துட்டு வாயை மூடிக்குவான். திரையில எழுதியும் காட்டும்."

ஐயாக்கண்ணு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். எட்டு மணிக்கு நான் எழுப்புகிறேன். ஒன்பது மணிக்கு லேப் எழுகிறது. ஞாயிற்றுக்கிழமை நான் வருவதில்லை. அவர் வேண்டாம் வேண்டாம் என்று நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றது. பலகையில் இருந்த ஆறு சதுரமும் அவருக்கு நன்றாக விளங்கியது. பள்ளிக்கூடத்தில்கூட ஒரு பாடம் இவ்வளவு தெளிவாக விளங்கியதில்லை. விளங்காமல் இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

ஞாயிறு முழுதும் அவர் சாப்பிடவில்லை. பாப்பாத்தி காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். திங்கட்கிழமை ஏழு மணிக்கே ஆஸ்பத்திரிக்குப் போனார். பெருமாளிடம் சாக்குச் சொல்லிவிட்டு உள்ளே போய், ஒவ்வொரு அறையாகத் திறந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் அந்தப் பெட்டியைப் பார்த்தார். ரெக்கார்டு ரூம் ஒன்று. மருந்துக் கவுண்டர் மூன்று. லேப் நான்கு. டாக்டரம்மா ஐந்து. ஆபீஸ் ஆறு. தன்னுடையதைத் திறந்தார். நான்கு. எங்கேயும் இல்லாதது இரண்டு. நான்கை அழித்து இரண்டு போட்டார். ஒன்பது மணிக்கு அவர் திரையில் பெட்டி வரவில்லை. லேபிலிருந்து ஜெயகுமாரி ஓடி வந்து, வந்துருச்சுங்கண்ணா, சரியாயிருச்சு என்று சிரித்தாள்.

இதோடு போயிற்று என்று ஐயாக்கண்ணு மூச்சுவிட்டார். அந்த நிம்மதி மத்தியானம் வரைதான் நிலைத்தது. கோவிந்தராஜ் டாக்டரம்மாவிடம் பேசிக்கொண்டு போனது ஜன்னலில் கேட்டது. பார்த்தீங்களா, அந்த ஆளை அனுப்பின மறுவாரமே சரியாகிவிட்டது, ஏதோ கெடுத்து வைத்திருக்கிறான் என்றார் அவர். டாக்டரம்மாவும் அப்படித்தான் போலிருக்கிறது என்றார்.

அதை அவர் நினைத்தே பார்க்கவில்லை. தான் திருட்டுத்தனமாகச் சரிசெய்ததே ஜேசுதாஸின் தலையில் குற்றத்தை ஆணியடித்து இறக்கிவிட்டது. மறுபடி நான்கு போட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. போட்டால் இன்னொரு காளியாயி. போடாவிட்டால் ஜேசுதாஸ். எந்தப் பக்கம் திரும்பினாலும் தன் கைதான் இருந்தது. கேட்டில் நிற்கும் பெருமாளும் கண்ணில் வந்தார். சொன்னால் அங்கேகூட நிறுத்த மாட்டார்கள். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இப்படியே ஒன்பது நாள் போனது. வரிசையில் நிற்பவர்களின் பேரை இரண்டு முறை கேட்டார். ஊர் எழுத வேண்டிய இடத்தில் வயசை எழுதினார். பாப்பாத்தி என்னவென்று கேட்டால் மெஷின் வேலை கண்ணைக் கெடுக்கிறது என்றார்.

பத்தாவது நாள் ஜேசுதாஸ் வந்தார். புதிதாகக் கட்டும் லாட்ஜ் ஒன்றில் எலக்ட்ரீஷியன் வேண்டும் என்றார்களாம். பழைய இடத்திலிருந்து ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள். கோவிந்தராஜ் உள்ளே கூப்பிடவில்லை. வராண்டாவிலேயே நின்று, கடிதம் கொடுத்தால் உள்ளதைத்தான் எழுத வேண்டும், எழுதட்டுமா என்று கேட்டார். ஜேசுதாஸ் வேண்டாம் என்று படியிறங்கினார். கால்சட்டை முழங்காலில் பலகை தேய்த்த கிழிசல் அப்படியே இருந்தது.

ஐயாக்கண்ணு ஜன்னலைச் சாத்தினார். வரிசையில் ஆள் நிற்கும்போது அவர் ஜன்னலைச் சாத்தியது அதுதான் முதல் தடவை. ஓடிப்போய்க் கேட்டுக்குப் பக்கத்தில் ஜேசுதாஸின் கையைப் பிடித்தார். மூச்சு வாங்கியது. நடந்ததைத் திக்கித் திக்கிச் சொன்னார். பெருமாளும் கேட்டுக்கொண்டு நின்றார். ஜேசுதாஸ் முழுதும் கேட்டார்.

"இதை எங்கிட்ட சொல்லி என்னங்க ஆகும்?" என்றார். "சொல்ற எடத்துல சொல்லுங்க. நான் இங்கயே நிக்கறேன்."

ஐயாக்கண்ணு திரும்பி நடந்தார். வராண்டா அவ்வளவு நீளம் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கோவிந்தராஜின் அறையில் ராஜேந்திரன் பலகையில் போட்ட ஆறு சதுரத்தையும் ஒரு காகிதத்தில் போட்டுக் காட்டி, எது யாருடைய நம்பர், தான் எடுத்துக்கொண்டது எது, லேப் ஏன் பேசவில்லை என்று சொன்னார். தான் ஒரு நாளும் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை என்பது பாதியில் அவருக்கே உறைத்தது. கோவிந்தராஜ் காகிதத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். அன்றைக்கே கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்றார். பயம் என்றார் ஐயாக்கண்ணு.

அன்றைக்கே ராஜேந்திரனுக்குப் போன் போட்டார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் நம்பரை லிஸ்ட்டோடு சரிபார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டாராம்.

டிரஸ்ட்டுக்கு வெளியே விஷயம் போகக் கூடாது என்று முடிவானது. ஐயாக்கண்ணுவிடம் மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு துணிக் கிடங்குக்கு மாற்றினார்கள். போர்வை, பெட்ஷீட், டாக்டர் அங்கி எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்கும் வேலை. ஜன்னலுக்கு ஒரு பெண் வந்தாள். ஜேசுதாஸுக்கு நல்லபடியாகக் கடிதம் கொடுத்தார்கள். மறுபடி வேலைக்கும் கூப்பிட்டார்கள். அவர் வரவில்லை, லாட்ஜுக்கே போய்விட்டார். ஒண்டிக்கடைப் பக்கம் எப்போதாவது எதிரில் வந்தால் ஐயாக்கண்ணுவுக்குத் தலையை மட்டும் ஆட்டுவார்.

காளியாயி சேலத்தில் பதினோரு நாள் கிடந்து பிழைத்தாள். கால் விரல் இரண்டை எடுத்துவிட்டார்கள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐயாக்கண்ணு வாழவந்திக்குப் பஸ் ஏறினார். யாரும் போகச் சொல்லவில்லை. பாப்பாத்தி எதற்கு என்று கேட்டதற்கு முதல்முறையாக உள்ளதை எல்லாம் சொன்னார். அவள் வெறுங்கையோடு போகாதீங்க என்று ஒரு பொட்டலம் ரவையைக் கட்டிக் கொடுத்தாள். சர்க்கரைக்காரிக்கு நல்லது என்று எங்கோ கேட்டிருந்தாள்.

காளியாயி களத்தில் சாக்கு விரித்து உட்கார்ந்து சாமையைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஒரு கால் நீட்டியபடி இருந்தது. ஜன்னல்காரர் என்று அவளுக்கு அடையாளம் தெரிந்தது. உட்காரச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து காலைப் பார்க்க அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு துணியை விலக்கிக் காட்டினாள். ஐயாக்கண்ணு அதற்கு வரவில்லை என்றார். வயர், பெட்டி, நம்பர் என்று ஆரம்பித்தார். வார்த்தை கோர்வையாக வரவில்லை. அவள் முறத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டு ஊட்டுக்கு ஒரே நம்பரு ஆயிப்போச்சு. அதனால எஞ் சீட்டு போற எடத்துக்குப் போவல. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"நம்பரை மாத்துனது ஆரு?"

"நானுங்க" என்றார் ஐயாக்கண்ணு.

திட்டுவாள் என்று காத்திருந்தார். போகட்டும் என்பாளோ என்றும் உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்திருக்கும். இரண்டும் இல்லை. மடியிலிருந்த முறத்தை எடுத்து மறுபடி புடைத்தாள். உமி காற்றில் பறந்து அவர் சட்டையில் படிந்தது. வீட்டுக்குள் அங்கப்பன் இருமும் சத்தம் கேட்டது. முறம் காலியானதும், ரவைப் பொட்டலத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

"மூணு மணிக்கு பஸ்ஸுங்க" என்றாள். "அதை உட்டா, சாயங்காலந்தான்."

ஐயாக்கண்ணு எழுந்து கும்பிட்டார். அவள் தலை நிமிரவில்லை. ரோட்டுக்கு வரும் சரிவில் இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் இறங்கினார். பஸ் கூட்டமாக வந்தது. படியில் தொங்கிக்கொண்டே ஏற்காடு வந்து சேர்ந்தார்.

மறுநாள் எட்டு மணிக்குத் துணிக் கிடங்கைத் திறந்தார். சலவையிலிருந்து வந்த மூட்டை ஈரம் காயாமல் கிடந்தது. அவிழ்த்து, ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போட்டார்.